தொலேதோவில் கை நனைத்த நாள்

என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஒரே ஒரு வாய் சாப்பிட்டிருந்தால் போதும், எங்கள் மகளின் கல்யாணம் காலையிலேயே முடிவாகியிருக்கும். மனுஷர் பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்று நின்றார். அதுவும் ஸ்பெயின் நாட்டில், தொலேதோ என்கிற பழைய ஊரில், ஆகஸ்ட் மாத வெயிலில், மேலே ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு.

ஸ்வெட்டர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கொடைக்கானல்காரர்கள். எங்களுக்கு ஸ்வெட்டர் என்பது சட்டை மாதிரி. கழற்றினால்தான் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். ஐரோப்பா என்றதும் இவர் குல்லா, மப்ளர், கம்பளி சாக்ஸ் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிவிட்டார். "அப்பா, இங்க இப்ப ஒட்டன்சத்திரத்த விட வெயிலுப்பா" என்று மகள் போனில் கத்தினாள். "வெள்ளைக்காரன் ஊர்ல என்னத்த வெயில் அடிச்சிரப் போவுது" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பூட்டினார்.

அவர் பெயர் சுந்தரராஜ். டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறார். காலையில் ஏரிக்கரை ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு, பார்ட்டி ஏறியதும் "மேடம், ஃபுல் டே, ஆல் பாயிண்ட்" என்று ஆரம்பித்தால் சாயங்காலம்தான் வாய் மூடும். நான் ஒரு ஹோம்ஸ்டேயில் ரூம்களைப் பார்த்துக்கொள்கிறேன். படுக்கை விரிப்பு, வெந்நீர், காலை டிபன். எங்களுக்கு ஒரே பெண், ஜோதிமணி. காட்டு மரங்களைப் பற்றிப் படித்தாள். உதவித்தொகை கிடைத்து மத்ரித் போனாள், அங்கேயே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. பங்குனி மாதம் ஒருநாள் வீடியோவில் வந்து, அல்வாரோ என்று ஒரு பையன், கூட வேலை பார்க்கிறான், கட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம் என்றாள்.

இவர் கீழே இறங்கிப் போய், முந்தின நாள்தான் கழுவியிருந்த வண்டியை மறுபடியும் கழுவினார். வந்து, "சீசன் முடியட்டும். போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். கொடைக்கானலில் சீசன் முடியாமல் எந்த டிரைவரும் மலையை விட்டு இறங்க மாட்டான், மகள் கல்யாணமே ஆனாலும்.

விசா, விமான டிக்கெட் எல்லாம் ஜோதியே பார்த்துக்கொண்டாள். புறப்படும் முன்னால் இவர் என்னிடம் ஒரு சட்டம் போட்டார்.

"மேனகா, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அந்தப் பையன் வீட்டுல பேச்சு முடியிற வரைக்கும் நாம கை நனைக்கக் கூடாது. நீயுந்தான்."

எங்கள் பக்கத்தில் இது பழைய வழக்கம். சம்பந்தம் பேசப் போன வீட்டில், இரண்டு பக்கமும் பேசி முடிவாகும் வரை சாப்பிடுவதில்லை, காபி தண்ணீர் குடிப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறந்து பெண் கேட்க வேண்டும், பெண் வீட்டார் சரி என்று சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் இலை போடுவார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நனைக்காமல் எழுந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனக்கும் இந்த வழக்கத்துக்கும் பழைய பகை உண்டு. என் அப்பா வேலுச்சாமி, பண்ணைக்காடு என்கிற எங்கள் மலைக்கிராமத்தில் காபியும் மிளகும் போட்டிருந்தவர். இவருடைய குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, எங்கள் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்த குடும்பம். இருந்ததும் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட எஸ்டேட் லயத்து வீடு. இவர் அப்போது பண்ணைக்காட்டுக்கு ஜீப் ஓட்டினார். நான் அந்த ஜீப்பில் போய் வந்தேன். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நான் அடம்பிடித்ததில் அப்பா ஒருநாள் அவர்கள் லயத்துக்குப் போனார். என் மாமியார் மூக்கம்மா, வீட்டில் இருந்ததிலேயே நல்ல கண்ணாடி டம்ளரில் தேத்தண்ணி போட்டு வைத்தார். டீக்கு அவர்கள் தேத்தண்ணி என்றுதான் சொல்வார்கள். அப்பா மழையைப் பற்றிப் பேசினார், மிளகு விலையைப் பற்றிப் பேசினார். டம்ளரைத் தொடவில்லை. ஆடை கட்டி ஆறிப்போனதும், "அப்ப நான் கெளம்புறேன்" என்று எழுந்து வந்துவிட்டார். அத்தை அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் கீழே கொட்டினாராம். இவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

ஒரு வருஷம் கழித்து அப்பா இறங்கி வந்தார், கல்யாணம் நடந்தது, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அத்தை சாகிற வரைக்கும் என் அப்பாவுக்குத் தன் கையால் தேத்தண்ணி போட்டதில்லை. ஊரே புகழ்கிற கை அது. அப்பா வந்தால் மட்டும், "மேனகா, உங்க அப்பா வந்திருக்காரு, நீயே போட்டுக் குடு" என்று அடுப்படியை விட்டு வெளியே போய்விடுவார். கோபமாகக்கூட இருக்காது முகம்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர் இந்த வழக்கத்தைத்தான் முதலில் தூக்கிப் போட வேண்டும். இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கேட்டால், "சிலோன்காரனுக்கு மொறை தெரியாதுன்னு எத்தன பேரு சொல்லிக் கேட்டிருக்கேன் தெரியுமா? எம் மக விசயத்துல ஒருத்தன் அப்படிச் சொல்லக் கூடாது" என்பார். தொலேதோவில் யார் வந்து அப்படிச் சொல்லப் போகிறார்கள் என்று கேட்டேன். பெட்டிப் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். மனதுக்குள் வெந்துகொண்டே ஒரு டப்பா நிறையப் புளிசோறு கிளறும் யோசனைக்கு வந்தேன். மத்ரித்தில் ஜோதியின் அறையில் காலையில் வெள்ளனே எழுந்து கிளறவும் செய்தேன்.

மத்ரித்திலிருந்து தொலேதோவுக்கு ரயிலில் அரை மணி நேரம்தான். ஸ்டேஷனில் அல்வாரோ நின்றுகொண்டிருந்தான். நெட்டையாக, தாடியோடு, வெயிலில் சிவந்துபோன மூக்கோடு. கைகூப்பி, மனப்பாடம் செய்து வைத்ததை நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"வணக்கம். சாப்பிட்டீங்களா?"

ஜோதி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். உலகத்தில் வேறு வார்த்தையே கிடைக்கவில்லை அவளுக்கு. "ஆச்சு, ஆச்சு" என்று இவர் வேறு பக்கம் பார்த்தார்.

ஊரைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. பாறை மலை ஒன்று, அதை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஆழத்தில் ஒரு ஆறு, மலை மேல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு பழுப்புக் கல் வீடுகள். ஆற்றின் மேல் பழைய காலத்துக் கல் பாலம், அதற்குக் காவலாக ஒரு கோபுர வாசல். எத்தனையோ ராஜாக்கள் இருந்து ஆண்ட ஊராம். கோட்டைச் சுவரை ஒட்டி மலைக்குள்ளேயே எஸ்கலேட்டர் வைத்திருந்தார்கள், ஏற முடியாதவர்களுக்கு. இவர் நின்று பார்த்தார்.

"பழநில வின்ச்சு மாதிரி. படியேறிப் போனாத்தான் நமக்குக் கணக்கு" என்று விறுவிறுவென்று ஏறத் தொடங்கிவிட்டார். வெறும் வயிறு, ஸ்வெட்டர், மண்டையைப் பிளக்கும் வெயில். மலைக்காரர் என்பதால் மூச்சு வாங்கவில்லை, ஆனால் வேர்வை ஆறாக ஓடியது. அல்வாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினான். இவர் நெஞ்சில் கைவைத்து வேண்டாம் என்றார். அவன் வீட்டிலிருந்து வந்த பாட்டில் அல்லவா. பிறகு தெருவில் ஒரு பொதுக் குழாயைக் கண்டுபிடித்து, யாரும் பார்க்காதபோது வாயை வைத்து மடமடவென்று குடித்ததை நான் பார்த்தேன்.

ஊரைச் சுற்றிக் காட்டினான் பையன். ஒரு தெருவில் சர்ச், அடுத்த தெருவில் ஒரு காலத்தில் மசூதியாக இருந்த கட்டடம், கீழே இறங்கினால் யூதர்களின் பழைய கோயில். இவர் அங்கே வாசலில் இருந்த ஆளிடம் "ஷலோம்" என்று ஒரு சலாம் வைத்தார், எங்கள் ஊர்ப் பக்கம் வட்டக்கானலுக்கு வருகிற இஸ்ரேல் பார்ட்டிகளிடம் கற்றுக்கொண்டது. அந்த ஆள் ஸ்பானிஷ்காரன், முழித்தான். பெரிய சர்ச்சுக்குள் நாங்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும் வரை நின்றோம். வழக்கமாக "டென் மினிட்ஸ் மேடம்" என்று வாசலிலேயே நின்றுவிடுகிற மனுஷர், இங்கே ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, "நம்ம ஊருல நான் யாரையும் இம்புட்டு நேரம் பார்க்க விட்டதில்ல மேனகா" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அங்கிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினால் மிட்டாய்க்கடை. கண்ணாடிக்குப் பின்னால் பாதாம் பருப்பை அரைத்துச் செய்த இனிப்பு, நிலாவும் மீனும் பாம்புமாக அச்சில் வார்த்து அடுக்கி வைத்திருந்தார்கள். இந்த ஊருக்கே அதனால்தான் பெயர்.

இவர் என் காதருகே குனிந்தார். "பாத்தியா, கடைக்குக் கூட்டியாந்துட்டான். எந்த ஊருக்குப் போனாலும் கமிசன்தான். நான் சாக்லேட் கடைக்குக் கூட்டிட்டுப் போவேன்ல, அதே சோலி."

"அப்பா, மெதுவாப் பேசுங்க. இது அவங்க அம்மா கடை" என்றாள் ஜோதி.

உள்ளே இருந்து வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒரு அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். பெயர் மெர்செடெஸ். கணவர் இறந்து பல வருஷமாம், இந்தக் கடையை வைத்துத்தான் மகனைப் படிக்க வைத்தாராம். என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார். அடுத்து இவர் பக்கம் திரும்பினார். இவர் கைகூப்பியபடியே பின்வாங்கிக் கண்ணாடி அலமாரியில் இடித்துக்கொண்டார். அந்த அம்மா புரிந்துகொண்டு, தானும் கைகூப்பிச் சிரித்தார். பிறகு தட்டில் இருந்ததிலேயே பெரிய மீனை எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்து, சாப்பிடும்படி சைகை காட்டினார்.

இவர் அதைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், "தேங்க்யூ மேடம்" என்று ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டார். எனக்குக் கொடுத்த நிலாவை நான் கைப்பைக்குள் போட்டேன். அந்த அம்மா சிரிப்பை நிறுத்தவில்லை, ஆனால் லேசாகக் குறைந்தது. நான் கொண்டு போன பண்ணைக்காட்டு மிளகையும் காபித்தூளையும் பழநிப் பஞ்சாமிர்த டப்பாவையும் கொடுத்தேன். பஞ்சாமிர்தத்தை அப்போதே திறந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்து, கடைக்கு வந்திருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். நம் பண்டத்தைத் தயங்காமல் சாப்பிடுகிற அந்த அம்மாவைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரம் இருந்தது. அங்கே எல்லாரும் மூன்று மணிக்குத்தான் சாப்பிடுவார்களாம். அதற்குள் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வியூ பாயிண்ட் காட்டுகிறேன் என்று அல்வாரோ கடையின் பழைய வேனை எடுத்தான். பாயிண்ட் என்றதும் இவருக்கு உயிர் வந்தது. முன்சீட்டில் ஏறிக்கொண்டு அவன் கால் கிளட்ச்சில் இருக்கிறதா, பிரேக்கில் இருக்கிறதா என்பதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

போகிற வழியில் ஒரு குறுகலான இறக்கம். எதிரே ஒரு சின்ன லாரி ஏறி வந்தது. அல்வாரோ வேனை ஓரமாக நிறுத்தி, லாரி ஏறிப் போகும் வரை காத்திருந்தான். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும். கீழே இருந்து வருகிற டூரிஸ்ட்காரர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது, தெரியாதவனை இவர் மனிதனாகவே மதிக்க மாட்டார்.

அக்கரையில் ஒரு மதில் மேல் உட்கார்ந்தோம். முழு ஊரும் எதிரே தெரிந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் தள்ளி நின்று பேசிக்கொண்டிருக்க, நான் புளிசோற்று டப்பாவைத் திறந்தேன். நாலு வாய்கூட உள்ளே போயிருக்காது, அல்வாரோ வந்து நின்றான்.

"சாப்பிட்டீங்களா?" என்றான். பிறகு டப்பாவைப் பார்த்தான், எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான், கையை நீட்டினான். நான் ஒரு உருண்டை வைத்தேன். சிந்தாமல் சாப்பிட்டுவிட்டு, விரலை நக்கி, மறுபடியும் கையை நீட்டினான்.

அவன் எழுந்து போனதும் இவரிடம் கேட்டேன். "பையன் எப்படி?"

"பையன்ல ஒரு கொறையும் இல்ல."

"பின்ன என்னத்துக்கு இன்னும் முறுக்கிட்டுக் கெடக்கீங்க?"

"கேக்கணும்ல. அந்தம்மா இதுவரைக்கும் வாயத் தொறந்து ஒரு வார்த்தை பொண்ணக் கேக்கலயே. கேக்காம நான் எப்படிச் சரின்னு சொல்ல? நானாப் போயி இந்தா எம் பொண்ணுன்னு குடுக்கணுமா?"

"நான் ஜோதிகிட்டச் சொல்றேன். அவ அந்தம்மாகிட்டச் சொல்லட்டும்."

"சொல்லக் கூடாது. சொல்லிக் குடுத்துக் கேட்டா அது கேக்குறதா? நீ வாயத் தொறந்தா நான் அடுத்த வண்டியில ஏறிருவேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் சும்மா இருக்க முடியாமல் ஜோதியைத் தனியே கூப்பிட்டு, உன் மாமியார் கல்யாணத்தைப் பற்றி எங்களிடம் பேசமாட்டார்களா என்று மட்டும் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் வளர்ந்ததெல்லாம் கொடைக்கானல் கான்வென்ட்டில். எந்தச் சம்பந்தப் பேச்சிலும் உட்கார்ந்து பார்த்ததில்லை, இந்தக் கை நனைக்கிற வழக்கமும் தெரியாது.

"அம்மா, இங்க யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. முடிவு பண்ண வேண்டியது நாங்க ரெண்டு பேருந்தான்னு நினைப்பாங்க. கேட்டா உங்கள நெருக்குற மாதிரி ஆயிரும்னு அவங்க பயப்படுறாங்க. அப்பா என்ன சொல்வாரோன்னு ராத்திரியெல்லாம் தூங்கலையாம்." சொல்லிவிட்டுக் கண் கலங்கினாள். "அப்பா வேண்டாம்னுட்டா நான் என்னம்மா பண்ணுவேன்? எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

பாவம் என் பிள்ளை. மரியாதைக்காகக் கேட்காமல் இருக்கிறார் ஒருத்தர், கேட்கவில்லை என்று சாப்பிடாமல் இருக்கிறார் ஒருத்தர். நடுவில் இவள் அழுதுகொண்டு நிற்கிறாள்.

மெர்செடெஸின் வீடு கடைக்கு மேலேயே இருந்தது. இருட்டான படிக்கட்டில் ஏறினால் திடீரென்று ஒரு சின்ன முற்றம், சுவரெல்லாம் பூந்தொட்டிகள். மேஜை ஏற்கெனவே தயாராக இருந்தது. நடுவில் ஒரு பெரிய சட்டியில் மஞ்சள் நிறத்தில் சோறு, கோழிக்கறி, தனியாக ஒரு கிண்ணத்தில் மிளகாய்த்தூள் போட்ட குழம்பு மாதிரி ஒன்று. மத்ரித்தில் இந்தியக் கடையைத் தேடிப் போய் மிளகாய்த்தூள் வாங்கி, மூன்று வாரமாகச் செய்து பழகினாராம். மேஜையில் ஒரு ஸ்பூன், ஒரு முள்கரண்டி இல்லை. நாங்கள் கையால் சாப்பிடுவோம் என்பதால் வீட்டில் எல்லாரும் இன்றைக்குக் கையால்தான் என்று சொல்லியிருந்தாராம்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மெர்செடெஸ் முதல் தட்டை இவருக்குத்தான் வைத்தார்.

"ஜோதி, எனக்கு வயிறு சரியில்லன்னு சொல்லும்மா" என்றார்.

ஜோதி சொன்னாள். மெர்செடெஸ் பதறிப்போய் உள்ளே ஓடி, ஏதோ பூவைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரை ஒரு கோப்பையில் கொண்டுவந்தார். வயிற்றுக்கு நல்லதாம். இவர் கும்பிட்டுவிட்டு அதைத் தொடாமல் வைத்தார். வெறும் ரொட்டி கொண்டுவந்தார், அதற்கும் கும்பிடு. இவர் தொடாததால் நானும் தொடவில்லை, நாங்கள் தொடாததால் பிள்ளைகளும் தொடவில்லை. அத்தனை சோறும் மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. பசியிலும் கோபத்திலும் எனக்குக் காது அடைத்தது.

மெர்செடெஸ் தணிந்த குரலில் ஜோதியிடம் ஏதோ கேட்டார். ஜோதி தட்டைப் பார்த்தாள்.

"என்ன கேக்குறாங்க?" என்றேன்.

"விடுங்கம்மா."

"சொல்லு."

"'உங்க அப்பாவுக்கு எங்களப் பிடிக்கலையா'ன்னு கேக்குறாங்க."

இவர் காதில் விழுந்தது. அசையவில்லை. மெர்செடெஸ் எழுந்து, இவர் முன்னால் இருந்த தட்டையும் அந்தக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கதவு திறந்தேதான் இருந்தது. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு முன்னால் நின்று, ஆறிப்போன கோப்பையைச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரை கீழே கொட்டினார். கொட்டி முடித்த பிறகும் குழாயைத் திறக்கவில்லை. காலிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டியபடி அப்படியே நின்றார்.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. எஸ்டேட் லயத்து வாசலில் அன்றைக்கு அத்தை நின்றதை நான் பார்க்கவில்லை, இவர் பார்த்தார். அன்றைக்குக் கதவோரம் நின்ற பையன் இன்றைக்கு என் அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டார், நேரே அடுப்படிக்குள் போனார். மெர்செடெஸ் திடுக்கிட்டு விலகினார். இவர் குழாயைத் திறந்து இரண்டு கையையும் கழுவினார். தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த தன் தட்டை எடுத்து, நின்றபடியே சோற்றைப் பிசைந்து, பெரிய வாயாக எடுத்து வைத்தார். இன்னொரு வாய். அதற்கப்புறம் இன்னொன்று. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"காரம்" என்றார் யாரிடமோ.

நான் உடனே என் தட்டில் கை வைத்துவிட்டேன். இனி எந்தச் சட்டமும் என்னைத் தடுக்க முடியாது. ஜோதியும் அல்வாரோவும் அடுப்படி வாசலுக்கு ஓடினார்கள். நான் வாயில் சோற்றோடு பின்னால் போனேன்.

"ஜோதி, சொல்லும்மா. எங்க பொண்ணுக்கு ஒங்க மகனக் கேட்டு வந்திருக்கோம்னு சொல்லு" என்றார் இவர்.

"அப்பா..."

"பொண்ணு வீட்டுக்காரன் கேக்கிறது மொறை இல்ல. இருக்கட்டும். நான் கேக்குறேன், குடுப்பாங்களான்னு கேளு. காலைலருந்து நான் ஏன் சாப்பிடலைங்கிறதையும் சேத்தே சொல்லிரு. பிடிக்காம இல்லன்னு மொதல்ல சொல்லு."

ஜோதி அழுதுகொண்டே சொன்னாள். நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தது. கை நனைக்கிற வழக்கத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஸ்பானிஷில் சொன்னாள். மெர்செடெஸ் கேட்கக் கேட்க வாயில் கை வைத்துக்கொண்டார். முடிந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இவர் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். படபடவென்று ஏதோ பொரிந்தார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் இவர் பயந்துபோய்.

"'குடுக்காம என்ன'ங்கிறாங்க. 'இதுக்காகவா ஒரு மனுசன் இந்த வெயில்ல பட்டினி கெடப்பான்'னு கேக்குறாங்க. நீங்க இனிமே எப்ப வந்தாலும் வாசல்லயே வாயில ஊட்டி விட்டுட்டுத்தான் உள்ள விடுவாங்களாம்."

அப்புறம் எல்லாரும் மேஜைக்கு வந்து உட்கார்ந்தோம். சோற்றில் உப்பு குறைவு, குழம்பில் காரம் கொலைகாரக் காரம். மெர்செடெஸுக்குக் கையால் பிசையத் தெரியவில்லை, பாதி மேஜையில் விழுந்தது. அல்வாரோ என் மாப்பிள்ளை என்கிற உரிமையில் மூன்றாம் முறையும் கையை நீட்ட, மிச்சப் புளிசோற்றை அவன் தட்டில் கவிழ்த்தேன். அவன் அம்மாவுக்கும் ஒரு வாய் கொடுத்தான். இவர் ஸ்வெட்டர் பையைத் துழாவி, உருகிச் சப்பையாகிப் போயிருந்த பாதாம் மீனை எடுத்து, ஒட்டியிருந்த கம்பளி நூலைப் பிரித்துவிட்டு அதையும் தின்றார்.

எல்லாம் முடிந்து மெர்செடெஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தபோது, இவர் ஜோதியின் பக்கம் சாய்ந்தார்.

"அந்தம்மாகிட்டக் கேளு," என்றார். "தேத்தண்ணி இருக்கான்னு கேளு."

அத்தை போனதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. ஸ்டாண்டிலும் கடையிலும் டீ டீ என்றே சொல்லிப் பழகிப்போன மனுஷர். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

மெர்செடெஸ் வீட்டில் யாரும் டீ குடிப்பதில்லையாம். அலமாரியின் பின்னாலிருந்து எப்போதோ வாங்கின ஒரு டீப்பையைத் தேடி எடுத்து, வெந்நீரில் போட்டு, பாலைப் பச்சையாக ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அது டீயே இல்லை. பழுப்பாக ஒரு வெந்நீர். எங்கள் ஹோம்ஸ்டேயில் அப்படி ஒன்றை வைத்தால் பார்ட்டி எழுந்து போய்விடும்.

இவர் அதை ஆறவிடவில்லை. இரண்டு கையாலும் எடுத்து, சூடு பறக்கப் பறக்கக் குடித்தார். சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, காலிக் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு எழுந்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார்.